பிடிதுணியில் பழகும் கை

பல வருடங்களாக நேர்கோட்டில் மட்டுமே தைத்தவள் நான். தலையணை உறை, பாவாடை, சீருடைக்கு ஓரம், எல்லாம் நேர்த்தையல். அதில் துணியை நாம் நகர்த்துவதில்லை. ஊசிக்கு அடியில் இருக்கும் பல்தான் தையலுக்குத் தையல் துணியைப் பின்னால் தள்ளும். கை வழி காட்டினால் போதும். அந்தப் பல்லை இறக்கிவிட்டு, மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்ற மூன்றையும் சேர்த்துப் பிடித்து, நாலு திசையிலும் நாமே நகர்த்தித் தைப்பது ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங்.

நம் ஊர்த் தையல் வகுப்புகளுக்குப் போனவர்களுக்கு இது அந்நியமான வித்தை அல்ல. ஃபுட்டைக் கழற்றி, துணியை வளையத்தில் பூட்டி, கால் மெஷினில் பூப் போடுவார்களே, அதுவும் இதே வழிதான். ஆனால் ஒற்றைத் துணி வளையத்துக்குள் விறைப்பாக நிற்கும். மூன்று அடுக்குக்கு என் இரண்டு கைகள்தான் வளையம்.

தொடக்கத்தில் வெட்டுத்துணிகளில் பழகினேன். தைத்தேன், குப்பையில் போட்டேன், மறுநாளும் அதே பிழையைச் செய்தேன். தூக்கிப் போட்ட துணி எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. பிறகுதான் பிடிதுணிக்கு வந்தேன். குக்கரையும் இட்லிப் பானையையும் இறக்க எட்டு அங்குலச் சதுரம். உள்ளே பஞ்சுக்குப் பதில் பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு. பாலியஸ்டர் பஞ்சு சூட்டில் உருகிவிடும், அடுப்படிக்கு ஆகாது. சதுரம் சின்னது என்பதால் மெஷினின் கழுத்துக்குள் துணியைச் சுருட்டித் திணிக்கும் பாடு இல்லை; கவனம் முழுவதும் ஊசியைச் சுற்றியே இருக்கும்.

தையலின் நீளத்தை இங்கே மெஷின் முடிவு செய்யாது. ஊசி நிமிடத்துக்கு 600 முறை இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை நொடிக்கு ஓர் அங்குலம் நகர்ந்தால் அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழும். கை தயங்கினால் தையல்கள் ஒன்றின் மேல் ஒன்று குவியும். கை முந்தினால் நீண்டு தொங்கும். காலும் கையும் ஒரே தாளத்துக்கு வருவதுதான் இந்தக் கலையில் பாதி. பயந்துபோய் மெதுவாக மிதித்தபடி கையை வேகமாக இழுப்பதுதான் என் பழக்கமாக இருந்தது. சீராக மிதித்து, கையை நிதானப்படுத்திய பிறகே தையல் ஒரே அளவுக்கு வந்தது.

மேல்பக்கம் அழகாக இருக்கும். திருப்பினால்தான் உண்மை தெரியும். வளைவில் கை பதறி வேகமெடுத்தால் அடிநூல் நேராக நீண்டு கிடக்க, மேல்நூல் சின்னச் சின்ன வளையங்களாக இமைமுடி போல அடியில் நிற்கும். முதல் இரண்டு பிடிதுணிகளில் வளைவுக்கு வளைவு இமைமுடி. உடனே டென்ஷன் திருகைத் திருகினேன். அடங்கவில்லை. வளைவில் கை வேகத்தைக் குறைத்ததும் அடங்கியது. தொடங்கும்போது பாபின் நூலை மேலே இழுத்து எடுத்துப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அடியில் கூடு கட்டிவிடும் என்பதும் அங்கேதான் படிந்தது.

கோலம் போட்டுப் பழகிய கைக்கு இன்னொரு சிரமம் உண்டு. சிக்குக் கோலத்தில் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, புள்ளியைச் சுற்றி மூடும். இதில் முதலில் பழகும் ஸ்டிப்ளிங்கில் கோடு எங்கும் தன்னைத் தொடக் கூடாது. நதி போல வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். என் கை போய் மூடப் பார்க்கும். வளைவு தொடங்கும்போதே கண்ணை ஊசியை விட்டு எடுத்து, அடுத்துப் போக வேண்டிய வெற்றிடத்தில் வைத்தேன். கை பின்தொடர்ந்தது.

அம்மா ஒரு நாள் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏண்டி, ஒரு கரித்துணிக்கு இவ்வளவு பாடா?" அவள் பழைய சேலைகளை அடுக்கி, கையாலேயே ஓடுதையல் போட்டு எங்களுக்குத் தொட்டில் விரிப்பு தைத்தவள். கைத்தையல்தான் தையல் என்பது அவள் எண்ணம். அவள் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் நெடுநாள் அப்படித்தான். 1989இல் கென்டக்கி மாநிலத்தின் படூகா நகரப் போட்டியில் கேரல் பிரையர் ஃபாலர்ட்டின் சூரிய கிரகணக் குவில்ட் தலைப் பரிசு வாங்கியது. மெஷினில் குவில்ட் செய்த ஒன்று அங்கே அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. அதை அம்மாவிடம் சொன்னேன். "கை அங்கேயும் வேலை செஞ்சிருக்கும்ல?" என்றாள். ஆமாம் அம்மா, அங்கேயும் கைதான் வேலை செய்தது.

அவளுடைய மாம்பழ நிறக் கைத்தறிச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தங்கை பிள்ளைக்கு விரிப்பாக வேண்டும். துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்குகளைச் சேர்த்து உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன். தைக்க உட்காருவதற்கு முன் தினமும் பத்து நிமிடம் ஒரு பிடிதுணி. நேற்றையதைத் திருப்பிப் பார்த்தேன், இடது மூலை வளைவில் இன்னும் மூன்று இமைமுடி. சேலையை மடித்து வைத்துவிட்டு இன்னொரு சதுரம் வெட்டினேன்.