எரு போடாத பாத்தி

வீட்டின் தென்புறம் பத்துக்குப் பதினைந்து அடி இடம் கிடந்தது. காட்டுப்பூக்களுக்கு அதை ஒதுக்கியதும் முதல் வேலையாக இரண்டு கூடை தொழுவுரம் போட்டுக் கொத்திவிட்டேன். ஐப்பசி மழைக்குக் கோரை அடர்ந்து எழுந்தது. தூவிய தும்பையில் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை.

களை எடுக்க வரும் அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார்: "தும்பை எங்க மொளைக்குதுன்னு பாத்திருக்கியாம்மா? அறுத்த கொல்லையில, ரோட்டோரத்துல. அதுக்குப் போயி எருவைக் கொட்டலாமா?"

அந்தச் சொல்லில்தான் வேலையே தொடங்கியது. கொழுத்த மண்ணில் புல் முந்திக்கொள்ளும். மெலிந்த மண்ணில்தான் பூஞ்செடிக்கு இடம் கிடைக்கும். சித்திரையில் மேல்மண்ணை அரையடி வெட்டி வாழைக்குப் போட்டேன். அடியில் சரளை கலந்த செம்மண்.

விதை கடையில் வாங்கியதல்ல. தும்பையின் காய்ந்த பூங்கொத்தைத் தாள் பைக்குள் உதறினால் போதும். கிலுகிலுப்பைச் செடியின் காயை ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே விதை ஒலித்தால் முற்றிவிட்டது. ஆவாரை, கொழுஞ்சி விதைகளுக்குத் தோல் கெட்டி. பருமணலோடு தேய்த்து ஓர் இரவு ஊறவைப்பேன். புரட்டாசிக் கடைசியில் தும்பையை மணலில் கலந்து தூவி, மண் மூடாமல் காலால் மிதித்துவிடுவேன்.

அதன்பின் களை பறிப்பதுதான் பெரிய வேலை. தானாக வளரட்டும் என்று விட்டால் இரண்டே மழையில் பார்த்தீனியம் பிடித்துவிடும். இலை தரையோடு படர்ந்திருக்கும்போதே, பூ வைக்குமுன், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும்; பலருக்கு அது தோலில் அரிப்பு தரும். நாற்றுப் பருவத்தில் தும்பை தெரியாவிட்டால் இலையைக் கசக்கி முகர்வேன். அந்தக் காரமான வாசனை ஏமாற்றாது. எருக்கு ஒன்று காற்றில் வந்து முளைத்தது, அதை விட்டுவைத்தேன். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் அதை மொட்டையாக்குகின்றன, மறுபடியும் துளிர்க்கிறது.

என்னை அங்கேயே நிறுத்திவைப்பது ஆவாரைதான். அதன் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் மூடிய பைக்குள், நுனியில் சிறு துளையோடு இருக்கும். கருந்தச்சுத்தேனீ பூவைக் கட்டிப்பிடித்து இறக்கையை அசைக்காமலே உடம்பை அதிரவைக்கும். துளை வழியே மஞ்சள் தூள் பீச்சும். பறக்கும்போது வரும் ரீங்காரம் வேறு, இது வேறு. கண்ணை மூடிக்கொண்டும் பிரித்துச் சொல்லலாம். இதற்காகவே வெயில் ஏறுமுன் அங்கே போய் உட்கார்வேன்.

மாசியில் எல்லாம் காய்ந்து பழுப்பேறும். பார்ப்பவர்கள் வெட்டச் சொல்வார்கள். விதை உதிரும்வரை நான் அரிவாளைத் தொடுவதில்லை. பங்குனிக் கடைசியில் காய்ந்த பூண்டுகளை மட்டும் அறுத்து, ஆவாரையையும் எருக்கையும் விட்டுவிடுவேன். அறுத்ததை அங்கேயே மட்கவிட்டால் மண் மறுபடி கொழுத்துவிடும். ஒரு கைப்பிடி விடாமல் அள்ளி வாழைக்குக் கொண்டுபோகிறேன்.