மண்ணெண்ணெயும் சோளகக் காற்றும்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் விசுவமடு தாண்டினால், இடது கைப்பக்கம் ஒரு ஒழுங்கை. பாலை மரத்துக்குக் கீழே தகரம் போட்ட கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் லான்ட்மாஸ்ரர் ஒன்று, சில்லுக் கழற்றிய ஓட்டோ ஒன்று. உள்ளே படங்கு மூடியபடி ஒஸ்ரின் ஏ40 சோமசெற்.

நான் போனது அந்தக் காரைப் பார்க்கத்தான். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் பற்றி வடக்கில் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். அநேகமாக எல்லாக் கதையும் மணத்தோடும் புகையோடும் முடிந்துவிடும். எஞ்சினுக்குள் என்ன செய்தார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் மெக்கானிக்மார் மட்டும். அவர்களிலும் பலர் இப்போது இல்லை, இருப்பவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

கராஜ்காரரான அண்ணை படங்கை இழுத்துப் பொனற்றைத் தூக்கினார். "இது என்ரை பழைய கார் இல்லை. அது 2009இலை போட்டுது. இது பிறகு யாழ்ப்பாணத்திலை வாங்கினது. ஆனா இதுவும் மண்ணெண்ணெய் குடிச்ச சாமான்தான். இஞ்சை பாருங்கோ."

புகை வெளியேறும் மனிபோல்டைச் சுற்றி ஒரு செப்புக் குழாய், நெருக்கமாக நாலைந்து சுற்று. நிறம் கறுத்து, ஓரிடத்தில் ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தது. குழாயின் ஒரு நுனி காபரேற்றரை நோக்கிப் போய் அந்தரத்தில் நின்றது. மறு நுனியில் மூன்று வாய்ப் பைப் ஒன்று. ஒரு வாய்க்குப் பெரிய தாங்கி, இன்னொரு வாய்க்கு வைப்பருக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்ரிக் போத்தல். பெரியதில் மண்ணெண்ணெய், சிறியதில் பெற்றோல்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதும் வடக்குக்கு வரும் ஏ9 பாதை மூடுண்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் விளக்குக்கென்று அளவோடு வந்தது, சில காலம் அதுவும் வராது. பெற்றோல் கடத்தி வந்தால் போத்தல் கணக்கில், தங்கம் வாங்குகிற விலையில். ஆஸ்பத்திரிக்குப் போகவும் பிரேதம் ஏற்றவும் கலியாணத்துக்குப் போகவும் ஹயர் கார் வேண்டியிருந்தது. ஓடிய கார்கள் அநேகமாகப் பழைய இங்கிலாந்துக் கார்கள்: ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த பிறகு, 1977இல் சந்தை திறக்கும்வரை, ஐம்பதுகளின் கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டப் பழகிய நாடு இது. அந்தப் பழக்கம் தொண்ணூறுகளில் கை கொடுத்தது.

பழசாக இருந்ததுதான் அவற்றின் பலமும். சோமசெற்றின் அமுக்க விகிதம் 7.2க்கு 1. அதாவது சிலிண்டருக்குள் போகும் கலவை ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கப்படுகிறது. எண்பதுகளின் யப்பான் கார்களில் அது ஒன்பதை எட்டிவிடும். மண்ணெண்ணெயை அவ்வளவு அமுக்கினால், பிளக் பொறியின் தீ போய்ச் சேருமுன் மிச்சக் கலவை தானாகவே பற்றிக்கொண்டு பிஸ்டனை அடிக்கும். "தட்டும்" என்று அண்ணை சொல்வது இதைத்தான். ஏ40க்கே ஹெட் கஸ்கற் இரண்டு வைத்து இறுக்குவாராம், சிலிண்டருக்கு மேலே இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்க. டிஸ்ரிபியூற்றரை ஒரு மயிரிழை திருப்பிப் பொறியைப் பிந்த விடுவாராம். எவ்வளவு என்று கேட்டேன். "காதுக்குத் தெரியும்" என்றார்.

இந்த வித்தையை எங்கே படித்தார்? புத்தகத்தில் இல்லை, தோட்டத்தில். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் சண்டைக்கு எவ்வளவோ காலம் முன்பே மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரங்கள் ஓடின. வில்லியர்ஸ், ஊல்சிலி, பிறகு ஹொண்டா. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடேறியதும் பைப்பைத் திருப்புவது புகையிலைத் தோட்டத்துப் பொடியனுக்கும் தெரிந்த வேலை. அந்த இயந்திரத்தின் ஏற்பாட்டைக் காருக்குள் பெரிதாக்கிக் கொண்டுவந்ததுதான் மெக்கானிக்மாரின் கெட்டித்தனம். இங்கிலாந்திலும் இதற்கு முன்னோடி உண்டு. 1940களின் இறுதியில் வந்த பேர்குசன் ரக்ரர்களில் ஒரு வகை பெற்றோலில் ஸ்ராட்டாகி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய மலிவு எண்ணெய்க்கு மாறும். கொம்பனி அதற்கென்றே அமுக்க விகிதத்தைக் குறைத்துச் செய்து விற்றது. இங்கே அதை ஒரு கராஜ்காரர் திருகாணியும் ஈயப்பற்றும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது.

"பெற்றோல் எண்டா நெருப்பைக் கண்டவுடனை பிடிக்கும் தம்பி. மண்ணெண்ணெய் அப்பிடியில்லை. அதுக்கு முதல்லை வெக்கை காட்டோணும். வெக்கை ஏறினாத்தான் ஆவியாகும், ஆவியானாத்தான் எரியும்."

செப்புச் சுருள் அந்த வெக்கைக்காக. சூடான மனிபோல்டைச் சுற்றி வரும் மண்ணெண்ணெய் காபரேற்றருக்குப் போகும்போது முக்கால்வாசி ஆவியாகும் நிலைக்கு வந்திருக்கும். காலையில் ஸ்ராட் பண்ணச் சிறு போத்தல் பெற்றோல் போதும். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அதுவும் கிடையாது. மருந்துப் போத்தலில் சில துளி, ஒரு சேலைன் குழாய், வாயால் ஒரு ஊது. காருக்கு இன்னொரு விதியும் இருந்தது: நிறுத்துவதற்கு ஒரு கட்டை முன்னாலேயே பைப்பைப் பெற்றோல் பக்கம் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் ஹாண்டில் அடித்தே கை கழன்றுவிடும்.

அண்ணை சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மட்டைக் கதை. மாரிகாலக் காலைகளில் எஞ்சின் சூடேறப் பிந்தும், பிந்தினால் பெற்றோல் வீணாகும். அதனால் றேடியேற்றருக்கு முன்னால் பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டிச் செருகி முன்காற்றை மறைப்பார். பாதி மறைப்பா முழு மறைப்பா என்பது அன்றைய குளிரைப் பொறுத்தது. மத்தியானத்தில் மட்டையைக் கழற்ற மறந்தால் தண்ணீர் கொதிக்கும்.

பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் நாடுகளில், வீட்டிலேயே காரைத் திருத்தி லீற்றருக்கு ஓடும் தூரத்தைக் கூட்டுகிறவர்கள் செய்கிற முதல் வேலைகளில் ஒன்றும் இதுதான். முன்கிறில்லை மறைப்பது. அவர்கள் நோக்கம் வேறு: கிறில்லுக்குள் புகும் காற்று உள்ளே முட்டி மோதிக் காரைப் பின்னுக்குப் பிடிக்கிறது, அதைத் தடுத்தால் எரிபொருள் மிஞ்சும். அமெரிக்காவில் மைக் ரேர்னர் என்பவர் 1992ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஒன்றுக்குப் பிளாஸ்ரிக் தகடும் அலுமினியமும் கொண்டு மூக்கும் வாலும் செய்து, சில்லுகளையும் மூடி, மணிக்கு 105 கிலோமீற்றர் வேகத்தில் லீற்றருக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓட்டியதாகச் சொன்னார். காரின் அடிப்பக்கத்தையும் மூடியிருந்தார். படத்தில் பார்த்தால் காருக்கு மீனின் வால் முளைத்த மாதிரி இருக்கும்.

அதே மட்டை, வேறு காரணம். ஏன் வேறு என்பதற்கு விடை வீதியில் இருக்கிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: வேகம் இரட்டித்தால் தடை நாலு மடங்கு. ஏ40 போன்ற ஒரு காருக்கு ஐம்பது, அறுபது கிலோமீற்றருக்குக் கீழே ரயர் உருளும் தடைதான் பெரிது, அதற்கு மேலேதான் காற்று முந்தும். 1997இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை ஏ9ஐப் பிடித்துக்கொண்டு மேலே வந்த காலத்தில் வன்னியின் போக்குவரத்து மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று காட்டுப் பாதைகளுக்கு இறங்கியிருந்தது. மணல், கிரவல், மழை பெய்தால் சேறு. இருபது கிலோமீற்றரில் போனாலே கெட்டித்தனம். அந்த வேகத்தில் காருக்கு மூக்கு வைத்தாலும் ஒன்றுதான் வைக்காவிட்டாலும் ஒன்றுதான். மிச்சம் பிடிக்க இருந்த இடம் எஞ்சின் ஒன்று மட்டும்.

அந்த மிச்சத்துக்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும். ஒயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போகும் அதிசயத்தைப் பார்த்துச் சில கார்க்காரர் சந்தோசப்பட்டார்களாம். பெயாரிங் உருகிப் போனபோதுதான் விளங்கியது. பிளக்குகளில் கரி பிடிக்கும், உப்புத்தாளால் தேய்த்து மறுபடி போட வேண்டும். புது ஒயிலுக்கும் தடை, புது பிளக்குக்கும் தடை. ஆகவே மண்ணெண்ணெய்க் கார் ஓடியது மலிவுக்காக என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அது எஞ்சினைத் தின்று ஓடியது. வேறு வழி இல்லை என்பதால் எல்லாரும் அதற்குச் சம்மதித்தார்கள்.

2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது பெற்றோல் வந்தது, கஸ்கற் ஒன்றாகக் குறைந்தது, சுருள்கள் கழன்றன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியபோது மறுபடி சுருள். அதற்குப் பிறகு நடந்ததை அண்ணை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2022இல் நாடு முழுவதும் பெற்றோல் இல்லாமல் நின்றபோது சிலர் தேடிக்கொண்டு வந்தார்களாம், "அண்ணை, அந்த வேலையை எங்கடை காருக்கும் செய்து தாங்கோ" என்று. அந்த ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளந்தார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்றைய கார்களில் காபரேற்றர் இல்லை, எரிபொருளைக் கணினி அளந்து பீய்ச்சுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றினால் உணரிகள் குழம்பும், புகையைச் சுத்திகரிக்கும் பாகம் கெடும். அதோடு மண்ணெண்ணெயும் அப்போது கிடைக்கவில்லை, கடற்றொழில் செய்கிறவர்களே கான்களோடு வரிசையில் நின்றார்கள். அந்த ஓகஸ்டில் அதன் விலை 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது.

கராஜின் பின்பக்கம் அண்ணையின் மருமகன் வேறொரு கச்சேரி வைத்திருந்தார். எண்பதுகளின் நிசான் சனி. மரக்குற்றிகளில் ஏற்றி வைத்து, விளம்பரப் பலகைக்குப் பாவிக்கும் பிளாஸ்ரிக் அட்டையை முன் பம்பருக்குக் கீழிருந்து எஞ்சினின் அடிவரை பொருத்தியிருந்தார். பம்பரின் கீழ் விளிம்பில் லொறியின் மட்காட் றப்பரை ஒரு சாண் அகலத்தில் வெட்டித் தைத்த ஒரு நாடா. அடியில் போகும் காற்று அச்சிலும் சைலன்சரிலும் இடறுவதைக் குறைக்கத்தான். சைலன்சருக்குக் கிட்ட அட்டை உருகாமல் தகரம் வைத்து இடைவெளி விட்டிருந்தார். நல்ல வேலை. ஒயில் மாற்றக் கழற்ற வசதியாக நாலு பட்டாம்பூச்சி நட் வைத்திருந்ததைப் பார்த்தபோது மாமனின் கை தெரிந்தது.

"உது வடிவுக்கு" என்றார் அண்ணை.

"இல்லை மாமா, இப்ப றோட்டு மாறிட்டுது. எழுபதிலை ஓடுறம்."

மருமகன் சொன்னது சரி. காப்பெற் போட்ட ஏ9இல் ஊருக்கு வெளியே கார்களுக்கு வேக எல்லை 70. அந்த வேகத்தில் காற்று ரயரை முந்திவிட்டது. தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பும் மாதங்களில் இன்னும் மோசம்: பரந்தனிலிருந்து வவுனியாவுக்கு அறுபதில் போகும் காருக்கு எதிரே இருபது கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால், காருக்கு அது எண்பதில் போவது மாதிரி. தடை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், ஆனால் போகும்போது பறித்தது முழுவதையும் திருப்பித் தராது.

அட்டையைச் சோதிப்பதற்கு மருமகனிடம் ஒரு முறை இருந்தது. வீதி வெறிச்சிடும் விடியற்காலையில், சமதரையில், அறுபதில் வைத்து நியூற்றலில் விட்டுவிடுவது. வேகம் நாற்பதுக்கு இறங்க எத்தனை செக்கன் என்று பின்சீற்றில் இருப்பவர் போனில் பிடிப்பார். பிறகு அதே துண்டில் எதிர்த்திசை, காற்றின் பக்கச்சார்பு அடிபட்டுப்போக. அட்டையோடு ஒரு தரம், அட்டை இல்லாமல் ஒரு தரம். கூட நேரம் உருண்டால் தடை குறைந்திருக்கிறது. பெரிய ஆய்வுகூடங்களிலும் இதே முறைதான், கருவிகள் மட்டும் நுட்பமானவை. நான் பின்சீற்றில் இருந்தேன். அட்டையோடு கொஞ்சம் கூடுதலாகத்தான் உருண்டது. கொஞ்சம் என்றால், போனைத் தட்டும் விரலின் தாமதத்துக்குள் ஒளிந்துவிடக்கூடிய கொஞ்சம்.

கராஜுக்குத் திரும்பியதும் அண்ணை காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ரயர்களைக் காலால் உதைத்துப் பார்த்து, பின்பக்கம் இரண்டுக்கும் காற்றுக் காணாது என்றார். பிறகு கூரைக்கு மேலே கையைக் காட்டினார். இரும்புக் குழாயில் ஒட்டிய பெரிய கரியர், முன்னால் குறுக்குச் சட்டம் மூன்று.

"கீழை அட்டை வைச்சுத் தடுக்கிறாய். மேலை உதை வைச்சுக் காத்தைப் பிடிக்கிறாய். முதல்லை உதைக் கழட்டு."

"கழட்டலாம் மாமா. பிறகு ஹயர் ஆர் தாறது?"

மருமகனுடைய கணக்கிலும் பிழையில்லை. தருமபுரம் சந்தைக்குப் போகிறவர்களின் வாழைக்குலையும் மரக்கறிச் சாக்கும் ஏறுவது அந்தக் கரியரில்தான். அது இல்லாத காரை அவர்கள் கூப்பிடமாட்டார்கள். கடைசியில் குறுக்குச் சட்டம் இரண்டை வெட்டி எடுப்பது, மூன்றாவதை விடுவது என்று பேச்சு முடிந்தது. அண்ணை கிறைண்டரின் வயரைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.