“வெள்ளைன்னா செத்த கல்லுலே!” - பவளத் தொட்டிக்கு லைட் வாங்கிய கதை

தூத்துக்குடிக்காரர். சிங்கப்பூரில் ஐ.டி வேலை. அடுக்குமாடி வீட்டு ஹாலில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத்தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள், பண்ணையில் வளர்த்த நான்கு பவளத் துண்டுகள். அவருக்கு அதுதான் ஊர்க் கடல்.

மீனுக்கு எந்த விளக்கும் போதும். பவளத்துக்குப் போதாது. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அவை தயாரிக்கும் உணவில்தான் பவளத்தின் பசி பெருமளவு தீர்கிறது. விளக்குதான் சாப்பாடு.

இதைப் படித்தவர், வெளிச்சம் கூடினால் சாப்பாடும் கூடும் என்று கணக்குப் போட்டார். கடையில் இருந்ததிலேயே சக்திவாய்ந்த எல்.இ.டி விளக்கை வாங்கி, முதல் நாளே 100 சதவிகிதத்தில் எரியவிட்டார். தினமும் 12 மணி நேரம். தொட்டி ஜொலித்தது.

இரண்டு வாரம் கழித்து ஊரிலிருந்து அம்மா வந்தார். தொட்டியருகே நின்று வெகுநேரம் பார்த்தவர், “ஏலே, இது வெளுத்துட்டு வருதே?” என்றார்.

“லைட்டுல அப்படித் தெரியுதும்மா.”

“எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல கரையில குவிச்சுக் கிடக்கும். கடல்ல இருந்து வரும்போது பழுப்பா இருக்கும். வெயில்ல கிடந்து வெள்ளையாயிரும். வெள்ளைன்னா செத்த கல்லுலே!”

அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பவளத்தை வெட்டியெடுத்து சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் 2 மூழ்கிப்போனதற்கு, பவளத்தை வெட்டியதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001-ல் கல்பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று இந்தியக் கடலில் அவற்றை எடுப்பது குற்றம்.

அன்றிரவே நண்பரிடம் ‘பார்’ மீட்டர் இரவல் வாங்கினார். நுண்பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி அது. அவரிடமிருந்த ஹேமர் கோரலுக்கு 100 சுற்றுவட்டாரத்தில் இருந்தால் போதும். மீட்டர் காட்டியது 400!

அளவுக்கு மீறிய ஒளியில் நுண்பாசிகள் நஞ்சாகும் பொருள்களை உண்டாக்க, பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடுகிறது. அவை போனதும் நிறம் போகிறது; உள்ளிருக்கும் வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. ஆனால், பட்டினி தொடங்கிவிட்டது.

விளக்கை 30 சதவிகிதத்துக்கு இறக்கினார். 12 மணி நேரம் 8 ஆனது. பவளங்களைப் பாறையின் உச்சியிலிருந்து கீழே மாற்றினார். வெள்ளை ஒளியைக் குறைத்து நீலத்தைக் கூட்டினார். கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். ஆழம்வரை போவது நீலம்தான். தொட்டி முன்புபோல ஜொலிக்கவில்லை. நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிவதும், பவளத்துக்கு வேண்டியதும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் புரிந்தது.

நான்கில் ஒன்று பிழைக்கவில்லை.

அம்மா ஊர் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். வீடியோ காலில் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினார் மகன். ஹேமர் கோரலின் நுனிகளில் பழுப்பு ஏறியிருந்தது.

“நிறம் வந்துட்டுலே!” என்ற அம்மா, போனை வைக்கும் முன் மறக்காமல் சொன்னார்: “லைட்டைக் கூட்டிராத!”