ஒற்றைக்கடை ஊரும் யானைமலையும்

மதுரையிலிருந்து மேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மாநகரின் ஆரவாரம் சற்றே தேயும் இடத்தில் ஒத்தக்கடை அமைந்திருக்கிறது. பெரும்பாலோர் இவ்வூரைப் பேருந்தின் சன்னல் வழியாக மட்டுமே அறிவர். வரலாறு எழுதப் புகுவோரும் மதுரையை எழுதி முடித்ததும் அழகர்கோயிலுக்கோ திருச்சிக்கோ தாவிவிடுகின்றனர். இடையில் கிடக்கும் இச்சிற்றூருக்கு இரண்டாயிரம் ஆண்டுக் கதை உண்டென்று சொன்னால், அங்கேயே பிறந்து வளர்ந்தோரும் புன்முறுவல் செய்வதை நாம் கண்டிருக்கிறோம்.

ஒற்றைக் கடை என்பதே பேச்சு வழக்கில் ஒத்தக்கடை ஆயிற்று. காற்று ‘காத்து’ ஆவதும் நேற்று ‘நேத்து’ ஆவதும் எவ்வாறோ அவ்வாறே இதுவும். வழிப்போக்கர் தங்கி இளைப்பாற ஒரே ஒரு கடை இருந்தது என்பது முதியோர் வாய்மொழி. இப்பெயருடைய இடங்கள் வேறும் இருத்தலால், அரசு ஏடுகளில் இவ்வூர்ப் பெயருக்கு முன் ‘யா.’ என்றோர் எழுத்தைச் சேர்த்து எழுதுவர். யானைமலை என்பதன் சுருக்கம் அது. மன்னர் பெயரால் மங்கலங்களும் புரங்களும் மலிந்த பாண்டி நாட்டில், ஒரு கடையின் பெயரால் ஓர் ஊர் வழங்குவதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

மலையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அது தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறது. துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் யானையின் வடிவில், மரஞ்செடிகள் மிகுதியாக இல்லாத ஒரே பாறை. அறபு அரிச்சுவடியில் ‘ஃபா’ என்னும் எழுத்துக்கு ‘ஃபீல்’ என்று யானைப் படம் போட்டிருக்கும். அப்பாடம் வரும்போது இவ்வட்டாரப் பிள்ளைகளுக்கு நாம் ஏட்டைக் காட்டியதில்லை. வெளியே கையை நீட்டியதே போதுமாயிருந்தது. சோழனுக்காகச் சமணர் ஏவிய யானையைச் சிவபெருமான் அம்பெய்து வீழ்த்த, அதுவே மலையாயிற்று என்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும்.

புராணத்துக்கு மிக முந்தியது மலையின் மேல் இருக்கிறது. இயற்கைக் குகையொன்றில் சமணத் துறவியர் படுக்கைகளும், அவற்றின் மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டும் உள்ளன. ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுத் தொகுதியில் இதுவும் இடம்பெற்றுள்ளது. அதில் மலையின் பெயர் ‘இவ குன்றம்’ என்று வருகிறது. இபம் என்றால் யானை. ஆகவே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இம்மலையின் பெயர் மாறவில்லை. சொல் மாறிற்று, பொருள் நின்றது. மதுரையைச் சூழ்ந்த சமணரின் எண்பெருங்குன்றங்களுள் இதனையும் ஒன்றாக எண்ணுவர். பிற்காலத்தில் அச்சணந்தி முதலானோர் செதுக்குவித்த தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றின் கீழ் வட்டெழுத்துப் பொறிப்புகளும் பாறையில் இன்றும் உள்ளன.

நம் மனம் மிகுதியும் ஈடுபட்டது மலையடிவாரத்து நரசிங்கத்தில்தான். அங்குள்ள குடைவரைக் கோயிலைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சரான மாறன் காரி எடுப்பித்தார். கரவந்தபுரத்து வைத்திய குலத்தவர் அவர். அவ்வூர் இன்று நெல்லைச் சீமையில் உக்கிரன்கோட்டை எனப்படுகிறது. பணி முற்றுமுன் அவர் காலமானார். தம்பி மாறன் எயினன் அப்பதவிக்கு வந்து, முகமண்டபம் செய்து, நீர் தெளித்து நிறைவேற்றினார். இச்செய்தி ஒரே இடத்தில் இருமொழியில், இரு எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. வடமொழி கிரந்தத்திலும், தமிழ் வட்டெழுத்திலும். கலியாண்டு 3871 என்று அதிலே கணக்கும் உண்டு, அது கி.பி. 770, ஹிஜ்ரி 153. கலீபா மன்சூர் பாக்தாது நகரை எழுப்பத் தொடங்கி எட்டாண்டுகளே ஆகியிருந்தன. அறபெழுத்தின் மேலும் கீழும் இன்று நாம் இடும் உயிர்க்குறிகளை வகுத்தவர் என்று போற்றப்படும் கலீல் இப்னு அஹ்மது, அக்காலை பஸராவில் வாழ்ந்திருந்தார்.

கலீலை ஈண்டு வலிந்து இழுத்தோம் என்று எண்ண வேண்டா. வட்டெழுத்தில் மெய்க்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. குறில் எகர ஒகரத்துக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ‘கொடி’யும் ‘கோடி’யும் ஒன்றுபோலவே நிற்கும், ‘கல’ என்றிருப்பது ‘கல்’ ஆகவும் இருக்கலாம். குறியிடாத அறபுக் கிதாபும் அப்படித்தான். காஃப், தா, பா என்ற மூன்றெழுத்தைக் ‘கதப’ என்றால் எழுதினான், ‘குதிப’ என்றால் எழுதப்பட்டது, ‘குதுபு’ என்றால் நூல்கள். சொல்லை முன்னரே அறிந்தவனுக்குத்தான் எழுத்து பேசும். மதரஸாவில் பத்தாண்டு இப்பயிற்சியில் உழன்ற நமக்கு, கல்வெட்டறிஞர் ஒருவர் நரசிங்கத்துச் சுவரின் முன் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தபோது, அயல் வித்தை ஒன்றைக் காண்பதாகவே தோன்றவில்லை. பாலைவனத்தில் அழிந்த குடியிருப்பின் சுவடுகளுக்குப் பாறையில் பதிந்த எழுத்தை உவமை சொன்ன அறபுக் கவிஞர் லபீதும் நம் நினைவுக்கு வந்தார்.

சோழராட்சி பாண்டி நாட்டில் வேரூன்றியதும் வட்டெழுத்து இங்கே மெல்ல மறைந்தது. எதிரே நின்றும் படிக்க இயலாத பேரர்களுக்கு, பாட்டனார் எழுதிவைத்தது வெறும் கீறலாயிற்று. இது பழங்கதை என்று இருந்துவிட நம்மால் இயலவில்லை. காரணம், இவ்வட்டாரத்து வீடுகளிலிருந்து சிலர் துணியில் பொதிந்த கிதாபுகளை நம்மிடம் கொண்டுவருவதுண்டு. “பாட்டியா ஓதிய அறபுக் கிதாபு, ஹஜரத். பொருள் சொல்லுங்கள்” என்பார்கள். பிரித்துப் பார்த்தால் அறபு அன்று. அறபெழுத்தில் எழுதிய தமிழ்! கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பெருமக்கள் பெண்களும் பாமரரும் பயிலும் வண்ணம் பேணி வளர்த்த அறபுத்தமிழ். வாய்விட்டுப் படித்தால் தங்கள் வீட்டுத் தமிழே காதில் விழக் கேட்டு அவர்கள் திகைக்கிறார்கள். வட்டெழுத்து மறைய நூற்றாண்டுகள் பிடித்தன. அறபுத்தமிழ் இரண்டு தலைமுறையில் இந்நிலைக்கு வந்துவிட்டது.

நிற்க. மலையின் மறுபுறத்துக் கொடிக்குளத்தைச் சொல்லாமல் போவது முறையன்று. 1323-இல் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, அரங்கனின் திருமேனியைக் காத்தெடுத்துக்கொண்டு வெளியேறிய முதியவர் பிள்ளை லோகாசாரியர், இம்மலையடியில் சோதிஷ்குடி என்னுமிடத்தில் தங்கி அங்கேயே உயிர்நீத்தார் என்பது வைணவ மரபு. அச்சோதிஷ்குடியே கொடிக்குளம் என்பர். திருமேனி திருவரங்கம் மீண்டது 1371-இல். படையெடுத்தோர் நம் சமயத்தவர் என்பதற்காக இதனைச் சுருக்கியோ பூசியோ எழுதுவது கல்விக்கு அழகன்று. 1340-களில் மதுரைக்கு வந்த இப்னு பதூதாவே, இங்கிருந்த சுல்தான் பெண்டிரையும் பிள்ளைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டித்து அறபியில் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சுல்தான் அவருக்கு மனைவி வழி உறவினரும் ஆவார். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அதற்குப் பிந்திய கதையை விரைந்து சொல்லிவிடலாம். 1895-இல் பெரியாற்று அணை முடிவுற்று, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்ப, மதுரை மேலூர் வட்டாரத்து வானம் பார்த்த நிலங்கள் நெல்வயல்களாயின. 1965-இல் மலையடியில் வேளாண்மைக் கல்லூரி வந்தது. 2004-இல் சற்றுத் தள்ளி உலகனேரியில் உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டது. கறுப்பு அங்கிகள் ஒத்தக்கடைத் தேநீர்க் கடைகளுக்கும் வரலாயின. ஒற்றைக் கடை இன்று எத்தனையோ கடையாகிவிட்டது. வயல்கள் மனைகளாகின்றன. ஆயினும் வழிப்போக்கருக்கு இடம் கொடுக்கும் பழைய குணம் ஊரைவிட்டுப் போகவில்லை.

2010-ஆம் ஆண்டளவில் யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரமாக்கலாம் என்றொரு திட்டம் எழுந்தது. ஒத்தக்கடை, நரசிங்கம், கொடிக்குளம் முதலிய ஊர்மக்கள் திரண்டெதிர்த்தனர்; திட்டம் கைவிடப்பட்டது. அண்டையிலுள்ள மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. கருங்கல்லாக அறுத்து விற்கப்பட்டவை எத்தனை என்பதை, 2012-இல் ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு எழுதிய அறிக்கைக்குப் பின்னரே நாடு அறிந்தது.

திரண்டெதிர்த்தவர்களுள் மலைமேல் இருக்கும் பிராமியையோ அடிவாரத்து வட்டெழுத்தையோ படிக்கத் தெரிந்தவர் அரிதினும் அரிது. மலை எங்களுடையது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் போராட்டத்தை ஒட்டியே எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ‘பசுமை நடை’யைத் தொடங்கினார். தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலம் போன்றோர் உடன் நடந்து கல்வெட்டைப் படித்துப் பொருள் சொல்ல, விடியற்காலையில் குடும்பம் குடும்பமாகக் குன்றேறினர். அப்படி வந்த கூட்டமொன்றில், நம்மிடம் ஓதும் சிறுவன் ஒருவன் நரசிங்கத்துச் சுவரில் வளைந்து வளைந்து செல்லும் எழுத்தைக் கண்டு, “ஹஜரத், இது அறபா?” என்று கேட்டான். தமிழ்தான் என்றோம். நம்பாமல் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் சுவரின் அருகே போய் நின்றுகொண்டான்.