புறாவைப் பணயம் வைத்த படம்

ஷங்கரின் '2.0' 2018 நவம்பர் 29இல் வெளியானது. இன்றைக்கும் எங்களுக்குள்ள சண்டை வரவைக்கிற படம் அதுதான்.

என்ன ஒரு தொடக்கம்! வயதான ஒருவர் செல்போன் கோபுரத்தில் தூக்குப் போட்டுச் சாகிறார். பிறகு ஊர் முழுக்க ஆட்களின் கையில் இருக்கிற போன்கள் பிடுங்கிக்கொண்டு பறக்கின்றன. அந்த மனிதர் பக்‌ஷிராஜன், பறவையியல் பேராசிரியர். கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகுது எண்டு படியேறாத இடமில்லை, ஒருத்தரும் கேட்கவில்லை. அக்‌ஷய் குமார் சத்தம் போடாமல் நடித்த அந்தப் பகுதிதான் படத்தின் உயிர்.

மடத்துவெளியில் இருக்கிற எங்களுக்கு இந்தக் கதை இரண்டு பக்கத்தாலும் உறைக்கும். மாரியில் எங்கட தீவுக் கரைகளில் வலசைப் பறவைகள் இறங்கும். அதே கரையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கு. பிள்ளைகள் பாரிஸ், ரொறன்ரோ எண்டு போயிட்டினம். அம்மம்மாக்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கிறது போனிலதான். அதைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? படம் அதைக் கேட்கவே இல்லை.

கோபுரக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்பது அறிவியலில் நிறுவப்பட்டதில்லை. புனைவுக்கு அது குற்றமுமில்லை. ஆனால் 2014இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நகரத்து மின்காந்த இரைச்சலில் ரொபின் பறவைகளுக்குத் திசை குழம்புவதைக் காட்டினார்கள். (அது செல்போன் அலை இல்லை, ஏஎம் வானொலி அலைகளை ஒட்டியது.) வழி மறந்துபோன ஒரு பறவை! அதில் எவ்வளவு கதை இருக்கு.

ஷங்கருக்கு அது போதவில்லை. பக்‌ஷிராஜனை ராட்சதப் பறவையாக்கி சிட்டியோடு மோதவிட்டார். கிராபிக்ஸ் நல்லாத்தான் இருக்கு. கடைசியில் குட்டி ரோபோக்கள் புறாக்களில் ஏறி வந்து, வசீகரனின் உடம்பை விட்டு வெளியேறாவிட்டால் புறாக்களைக் கொல்லுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைக்கு இரங்கித் தொடங்கின படம் பறவையைப் பணயம் வைச்சுத்தான் வெல்லுது! அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு எண்டு வசீகரன் முடிவில் சொல்லுறார். அதற்குள்ள ஆள் அழிஞ்சுபோனார்.

காசு காரணமில்லை. 2015இல் ரவிக்குமார் எடுத்த 'இன்று நேற்று நாளை'யில் கால இயந்திரத்தை வைத்து விளையாடப்போய் செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். போட்ட அந்த முடிச்சை விட்டு படம் கடைசிவரை ஓடவில்லை. பார்க்காத ஆட்கள் பாருங்கோ.