குவளையின் மேல் ஓர் அட்டை

ஐம்பது வயதைக் கடந்த இருவர், முதுகில் பை சுமந்து ஐரோப்பிய நகரங்களைச் சுற்றப் போகிறோம் என்று சொன்னபோது எங்கள் இல்லத்தார் சிரித்தனர். பயணச்சீட்டுகளைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டனர். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் அது.

நானும் நண்பரும் கல்லூரி விடுதியில் மூன்றாண்டுகள் ஓரறையில் வாழ்ந்தவர்கள். ஒன்றாகப் படித்தோம்; ஒன்றாகத் தேர்வில் தவறினோம்; ஒளிப்பானேன், குடிக்கக் கற்றுக்கொண்டதும் ஒன்றாகத்தான். நான் அளவோடு நின்றுவிட்டவன் என்று என்னைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன். நண்பரால் நிற்க இயலவில்லை. வேலை போயிற்று, வாங்கிப் போட்டிருந்த மனை போயிற்று. அவருடைய துணைவியார் பட்ட பாட்டை இங்கே எழுதுவது முறையன்று. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் விட்டார். விட்டது விட்டதுதான்.

புறப்படுவதற்கு முதல் நாள் அந்தச் சகோதரி என்னைத் தனியே அழைத்து, "அண்ணா, உங்களை நம்பித்தான் அவரை அனுப்புகிறேன். அந்த மியூனிக் திருவிழாவுக்கு மட்டும் போக வேண்டாம்" என்றார். நான் தலையை அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உலகத்தின் மாபெரும் பீர்த் திருவிழாவைப் பார்க்கவேண்டும் என்பது என் இருபது ஆண்டு ஆசை.

பாரிசைப் பற்றி எழுதியவர் ஏராளம். நான் ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். 2019 ஏப்ரல் 15-இல் தீக்கிரையான நோத்ர்தாம் பேராலயம் நாங்கள் சென்றபோது இன்னும் மூடியே கிடந்தது. அவ்வாண்டு டிசம்பரில்தான் திறந்தார்கள். உள்ளே நுழைய முடியாது என்று தெரிந்தும் ஆற்றின் மறுகரையில் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நோயாளியைக் காண மருத்துவமனை வாசலில் நிற்கும் உறவினரைப் போல இருந்தது அந்தக் காட்சி.

எங்கள் இரவுகள் மலிவான தங்கும் விடுதிகளில் கழிந்தன. ஓரறையில் எட்டுக் கட்டில்கள். நான்கு கீழே, நான்கு மேலே. ஏணியில் ஏறும்போது என் முழங்கால் எழுப்பும் ஓசையைக் கேட்டு இளைஞர் ஒருவர் எழுந்து தமது கீழ்க்கட்டிலை எனக்குத் தந்தார். எந்த நாட்டவர் என்று கேட்கவும் மறந்துபோனேன்.

பிரசெல்ஸ் நகரின் பெருஞ்சதுக்கத்தைச் சுற்றிப் பழைய வணிகச் சங்கங்களின் மாளிகைகள் நிற்கின்றன. 1695-இல் பிரெஞ்சுப் பீரங்கிகள் தரைமட்டமாக்கிய இடத்தைச் சில ஆண்டுகளிலேயே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று பீர் வடிப்போர் சங்கத்துக்கு உரியது. அந்நாட்டில் டிராப்பிஸ்ட் துறவியர் இன்றும் பீர் வடிக்கின்றனர். டிராப்பிஸ்ட் முத்திரை பெறவேண்டுமானால் மடத்தின் வளாகத்துக்குள் துறவியரின் மேற்பார்வையில் அது வடிக்கப்படவேண்டும்; வரும் பணம் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்குமே செல்லவேண்டும். இதை நான் நண்பருக்கு விளக்கிக்கொண்டே ஒரு கிண்ணத்தைக் காலி செய்தேன். அவர் காப்பியைக் கலக்கியபடி, "ஏழைகளுக்காகத்தான் குடிக்கிறாய் என்று சொல்" என்றார்.

அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் புகைவண்டி கொலோன் நகரை அடைந்தது. நிலையத்தை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால் பேராலயம்! 1248-இல் அடிக்கல் நாட்டி, இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வேலை நின்றுபோய், 1880-இல் முடித்த கோபுரங்கள். உயரம் 157 மீட்டர். தெற்குக் கோபுரத்தின் 533 படிகளையும் நண்பர் ஏறினார். நான் கீழே மூவரசர்களின் பொற்பேழைக்கு முன் அமர்ந்திருந்தேன்.

அந்நகரத்துப் பீர்க்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பீர் சிறு கண்ணாடிக் குழாய் போன்ற கிண்ணத்தில் வரும்; அளவு 200 மில்லிலிட்டரே. கிண்ணம் வற்றியதும் பணியாளர் கேட்காமலேயே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் வட்ட அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். போதும் என்றால் வாயால் சொல்லவேண்டியதில்லை. அட்டையை எடுத்துக் கிண்ணத்தின் மேல் மூடிவிட வேண்டும். மூடாதவரை வந்துகொண்டே இருக்கும். நாங்கள் அமர்ந்ததுமே இருவர் முன்னும் பணியாளர் கிண்ணங்களை வைத்தார். நண்பர் தம் அட்டையை உருவி உடனே கிண்ணத்தின் மேல் வைத்தார். பணியாளர் ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துச் சென்று, தண்ணீர்ப் புட்டியோடு திரும்பினார். நாங்கள் எழுந்தபோது என் அட்டையில் ஒன்பது கோடுகள் இருந்தன. நினைவுக்காக என்று சொல்லி நண்பர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திருவிழா நாள்களில் மியூனிக்கில் அறை வாடகை எங்களைப் போன்றோருக்கு எட்டாது. ஆகவே ஆக்ஸ்பர்க் நகரில் தங்கினோம். அங்கிருந்து மியூனிக்குக்குப் புகைவண்டியில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவே. சிக்கனத்துக்காகச் சென்ற அவ்வூர் எங்களுக்கு வேறொரு செல்வத்தைக் காட்டியது. யாக்கோபு ஃபுக்கர் என்ற பெருவணிகர் 1521-இல் ஏழைகளுக்காக அமைத்த குடியிருப்பு அங்கே இன்றும் இயங்குகிறது. ஏறத்தாழ 150 பேர் வாழ்கின்றனர். ஆண்டு வாடகை எவ்வளவு தெரியுமா? 88 சென்ட்! நம் கணக்கில் நூறு ரூபாய்கூட இல்லை. பழைய நாணயம் ஒன்றின் மதிப்பை அப்படியே வைத்திருக்கிறார்கள். இன்னொரு வாடகையும் உண்டு: நாள்தோறும் நிறுவியவர் குடும்பத்துக்காக கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், விசுவாசப் பிரமாணம் ஆகிய மூன்றும் சொல்லவேண்டும். ஆக்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஏழைக் கத்தோலிக்கராய் இருப்பது தகுதி. இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தனார், இங்கே குடியிருந்தார். இரவு பத்து மணிக்கு வெளிக்கதவைச் சாத்திவிடுவார்கள். தாமதமாக வருவோர் காவலருக்குச் சில்லறை தந்தே நுழையவேண்டும். "நம் வீட்டிலும் இந்த முறை இருந்திருந்தால் அவள் பணக்காரியாகியிருப்பாள்" என்றார் நண்பர். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பின்பு அவரே சொன்னார்: "நாளை உன் திருவிழாவுக்குப் போவோம். அவள் உன்னிடம் சொன்னதை என்னிடமும் சொன்னாள். நீ பார்க்கவேண்டியதைப் பார். நான் பயந்து வெளியே நிற்கப் போவதில்லை."

மியூனிக் என்ற பெயரே துறவியரைக் குறிப்பது. நகரின் சின்னத்திலும் ஒரு துறவி நிற்கிறார். அங்கே பாவோலா புனித பிரான்சிசின் சபையினர் தவக்கால ஒருசந்தியின்போது உடல் தளராதிருக்கக் கெட்டியான பீர் வடித்துக் குடித்தனர். திட உணவுக்கு விலக்கு உண்டே தவிரப் பானத்துக்கு இல்லை என்பது அவர்கள் கணக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மடம் கலைக்கப்பட்டது. அதன் பெயர் மட்டும் ஒரு பெரிய நிறுவனத்தின் புட்டிகளில் வாழ்கிறது. நோன்பிருந்தவர்களின் பானம் கொண்டாட்டத்தின் பானமான கதையை எண்ணிப் பார்க்கலாம்.

திருவிழாவின் தொடக்கம் ஒரு திருமணம். 1810 அக்டோபர் 12-இல் பவேரிய இளவரசர் லுட்விக், தெரேஸ் என்ற இளவரசியை மணந்தார். ஐந்து நாள் கழித்து நகர மக்களுக்காகக் குதிரைப் பந்தயம் நடந்தது. அந்தப் புல்வெளி இன்றும் மணமகள் பெயரால் வழங்குகிறது. குதிரைகள் போய்விட்டன; பீர் நிலைத்தது. செப்டம்பரில் தொடங்கி அக்டோபரின் முதல் நாள்கள்வரை, மியூனிக் நகரத்து ஆறு நிறுவனங்கள் மட்டுமே அங்கே பீர் விற்கலாம். முதல் சனிக்கிழமை நண்பகலில் நகர மேயர் முதல் பீப்பாயில் குழாய் அடித்த பின்பே மற்றக் கூடாரங்களில் ஊற்றத் தொடங்குவர். 2024-இல் வந்தவர்கள் ஏறத்தாழ 67 லட்சம் பேர். குடித்த பீர் ஏறத்தாழ 70 லட்சம் லிட்டர்.

நாங்கள் சென்றது செவ்வாய்க்கிழமை, குடும்பங்களுக்கான நாள். இராட்டினங்களில் அன்று குறைந்த கட்டணம். எங்கு நோக்கினும் குழந்தைகள். முதுகுப் பைகள் 2016 முதல் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. மூன்று லிட்டர் கொள்ளளவைத் தாண்டிய எந்தப் பைக்கும் இடமில்லை. எனவே அவற்றை விடுதியிலேயே விட்டிருந்தோம். இரண்டு வாரமாகச் சுமந்த பாரம் இல்லாமல் நடந்தபோது உடல் முன்னால் சாய்ந்தது.

கூடாரம் என்று பெயர். உள்ளே பல்லாயிரவர் அமரும் மண்டபம். நீண்ட மேசை, முதுகு சாயாத பெஞ்சு. மாலை ஆறு மணிவரை இசைக்குழு அடக்கி வாசிக்கவேண்டும் என்று விதி. அதுவே எனக்குக் காதைப் பிளந்தது. ஒரு லிட்டர்க் குவளை நிறைந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. பணிப்பெண்கள் பத்துக் குவளைகளை மார்போடு அணைத்து வேகமாக நடக்கிறார்கள். அவ்வாண்டு விலை 13.60 முதல் 15.30 யூரோ வரை. நண்பர் சோடா கலந்த ஆப்பிள் சாறு வாங்கினார். எதிரில் அமர்ந்திருந்த முதியவர் தம் குவளையை அந்தச் சாற்றோடு இடித்து வாழ்த்தினார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்கவில்லை. ஒரு வாய் குடியுங்கள் என்று வற்புறுத்தவும் இல்லை. நம் கலியாண வீடுகளில் நண்பர் இதற்காகவே எத்தனை பொய் சொல்லியிருக்கிறார்!

சற்று நேரத்தில், "காற்றாட நடந்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போனார். நான் இரண்டாவது குவளையை வாங்கினேன். பிறகு மூன்றாவதை. மணியைப் பார்த்தபோது அவர் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

வாசகர்களே, அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். கைப்பேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. ஒவ்வொரு கூடார வாசலிலும் எட்டிப் பார்த்தேன். ஆயிரம் முகங்களில் அவர் முகத்தையும், அவர் கையில் ஒரு குவளையையும் தேடினேன். அந்தச் சகோதரியிடம் என்ன சொல்வது என்ற வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்துக்கொண்டே, சற்றுத் தள்ளாடியபடி, ஓடினேன்.

திடலின் மேற்கு எல்லையில் பவேரியா என்ற மாபெரும் வெண்கலப் பெண்ணுருவம் நிற்கிறது. 1850-இல் நிறுவியது. அதன் கீழுள்ள புல்சரிவில்தான் மிஞ்சிக் குடித்தவர்கள் வந்து விழுகிறார்கள். அவர்களை அவ்வூரார் 'பீர்ப் பிணங்கள்' என்றே அழைக்கின்றனர். அங்கே நண்பர் புல்லில் அமர்ந்திருந்தார். அவர் அருகில் இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன் ஒருக்களித்துக் கிடந்தான். நண்பரின் மேலங்கி அவன் தலைக்கு அணையாக இருந்தது.

"இவனுடைய காலணி ஒன்றைக் காணவில்லை. தேடு" என்றார் என்னைக் கண்டதும்.

தேடி எடுத்து வந்தேன். "மல்லாந்து கிடந்தான். வாந்தி எடுத்தால் மூச்சடைத்துவிடும். இப்படித்தான் திருப்பிப் போடவேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்து அவள் எனக்குச் செய்தது இது" என்றார். மீட்புப் பணியாளர்கள் வந்து, மஞ்சள் துணி போர்த்திய தள்ளுபடுக்கையில் அவனை ஏற்றிச் சென்றனர். நண்பர் மேலங்கியை உதறிக் கையில் மடித்துக்கொண்டு, "நீ எத்தனை குடித்தாய்?" என்று கேட்டார்.

"ஒன்று" என்றேன்.

பல ஆண்டுகள் நான் கேட்கும்போதெல்லாம் அவர் எனக்குச் சொன்ன எண் அது. அதே குரல், அதே வேகம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆக்ஸ்பர்க் வண்டியில் ஏறி அமர்ந்த பின், சட்டைப் பையிலிருந்து கொலோன் அட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். ஒன்பது கோடுகளும் அழியாமல் இருந்தன.

வியாழக்கிழமை காலை மீண்டும் அங்கே சென்றோம்; இம்முறை திருப்பலிக்கு. திருவிழாவின் முதல் வியாழனன்று ஒரு கூடாரத்தில் இராட்டினக்காரர், கடைக்காரர், பரிமாறுவோர் ஆகியோருக்காகத் திருப்பலி நடப்பது வழக்கம் என்று அந்த முதியவர் சொல்லியிருந்தார். முந்தைய இரவின் மணம் இன்னும் போகாத பெஞ்சுகளில் அமர்ந்தோம். ஊர் ஊராகத் தொழில் செய்வோருக்குத் தனியே பங்கு ஏது? அன்று அவர்களுக்கு அதுவே ஆலயம்.

அன்று செப்டம்பர் 26. 1980-இல் அதே நாள் இரவு, திடலின் முதன்மை வாயிலில் தீவிர வலதுசாரி ஒருவன் வைத்த குண்டு வெடித்து, அவனையும் சேர்த்து 13 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டோருள் ஒரே குடும்பத்துக் குழந்தைகள் இருவர். வாயிலில் இருக்கும் நினைவுச் சின்னத்தின் அருகே மலர்கள் கிடந்தன. சற்று நேரம் நின்றோம். எங்களைக் கடந்து இளைஞர் கூட்டம் பாடிக்கொண்டே உள்ளே சென்றது.

அங்கேயே நண்பரின் வீட்டுக்கு அழைத்தேன். "அண்ணா, அவர் எப்படி இருக்கிறார்?" என்று அந்தச் சகோதரி கேட்டார். எங்கே நிற்கிறோம் என்பதை மறைக்காமல் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. அவர் ஆப்பிள் சாறு குடித்ததையும், அந்த இளைஞனின் காலணியையும் சொன்னேன். மூச்சு விடும் ஓசை கேட்டது.

"சரி அண்ணா. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"

கைப்பேசியை நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.