துருவ நட்சத்திரத்தைக் கீழே இறக்கினேன்

பொதுப்பணித் துறையில் வரைவாளராக முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். மதகு, பாலம், வாய்க்கால் என்று கோடு இழுத்தே காலம் போயிற்று. ஓய்வு பெற்றபோது மிஞ்சியவை நிப் பேனா இரண்டும் ஒரு புட்டி இந்தியன் இங்க்கும்தான்.

போன மாசியில் என் மனைவி காலமானாள். அதற்குப் பிறகு இரவில் தூக்கம் வருவதில்லை. சும்மா படுத்துக் கிடப்பதற்குப் பதில் மேஜையில் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்தேன். ராத்திரிக் கடல், ஒரு படகு, மேலே நட்சத்திரங்கள். கறுப்பு மையில் நட்சத்திரம் போடுவது விசித்திரமான வேலை. நட்சத்திரத்தை வரைய முடியாது. சுற்றிலும் இருட்டை வரைந்து, அந்த இடத்தில் மட்டும் காகிதத்தை வெள்ளையாக விட்டுவிட வேண்டும். படகுக்கு வழிகாட்ட ஒரு துருவ நட்சத்திரம் வேண்டுமே! எல்லாவற்றையும்விடப் பெரிதாக, உச்சியில் விட்டிருந்தேன்.

அக்கரைப்பேட்டையில் எனக்கு ஒரு பழைய நண்பர் உண்டு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வாலிபத்தில் கட்டுமரத்தில் போனவர். புரட்டாசியில் ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“படம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது நம்ம வானமில்லையே.”

“ஏன் அண்ணே?”

“வடக்கு வெள்ளி இவ்வளவு ஒசரத்துல எங்க நிக்குது?” என்றவர், கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினார். “கடலு முடியிற எடத்துல கைய வச்சா, அதுக்கு மேல கொஞ்சம். அவ்வளவுதான்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கணக்கு எனக்கும் தெரியும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. லண்டனில் 51 டிகிரிக்கு மேல். நம் நாகப்பட்டினத்தில் 11 டிகிரிகூட முழுசாக வராது. நீட்டிய கையின் முஷ்டி சுமார் 10 டிகிரி. நான் ஏதோ இங்கிலீஷ் புத்தகத்துப் படத்தை மனதில் வைத்து வரைந்திருக்கிறேன்.

அன்றிரவு கடற்கரைக்குப் போய் வடக்கே பார்த்தேன். சப்தரிஷி மண்டலம் இறங்கிவிட்டிருந்தது. ‘எம்’ எழுத்து மாதிரி இருக்கும் காசியோப்பியாவை வைத்துத் தேடிப் பிடித்தேன். மங்கலாக, தாழ்வாக நின்றது. அதைவிடப் பிரகாசமான நட்சத்திரங்கள் வானத்தில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அதற்குள்ள பெருமை ஒன்றுதான். மற்றவை சுற்றிவர, அது ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்த வாரம் அவர் வந்தபோது விவரமாகச் சொன்னார். கிழக்கே கடலுக்குப் போகும்போது அந்த வெள்ளி இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். திரும்பும்போது வலது தோள் பக்கம். பகலானால் நாகூர் தர்காவின் 131 அடி மனோரா அடையாளம். இப்போது மகனிடம் ஜிபிஎஸ் இருக்கிறது, அண்ணாந்து பார்ப்பாரில்லை என்றார்.

“மேகம் மூடிட்டா என்ன செய்வீங்க?”

“ஒரு ஐப்பசியில அப்படித்தான் ஆச்சு. நானும் அப்பாவும். எனக்குப் பயம், வேகமா துடுப்பு போட்டேன். அப்பா திட்டினாரு. ‘தெச தெரியாம போட்டா, போடப்போடத் தூரந்தான்டா ஆகும். உள்ள வையி’ன்னாரு. கல்ல எறக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தோம். விடியக்காத்தால ஒரு பக்கம் மட்டும் வெளுத்துச்சு. அதுக்கு எதிர்ப்பக்கம் கரை. அவ்வளவுதான் சார்.”

அவர் தன் கதையைத்தான் சொன்னார். எனக்கு வேறு ஒன்று உறைத்தது. புனேயில் இருக்கும் மகள், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஆறு மாதமாகக் கூப்பிடுகிறாள். அவள் மனம் நோகக் கூடாது என்று ஒரு தரகரிடம் பேசியும் வைத்திருந்தேன். அன்றைக்கே தரகரை நிறுத்தச் சொன்னேன். மகளிடம், “மாட்டேன் என்று சொல்லவில்லையம்மா. தை பிறக்கட்டும், யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிப்பா, ஆனா வேளாவேளைக்குச் சாப்பிடுங்க” என்றாள்.

படத்தைப் புதிதாகப் போட்டேன். டிரேசிங் தாளாக இருந்தால் பிளேடால் சுரண்டித் திருத்தியிருப்பேன். இது சாதாரணக் காகிதம், தாங்காது. கை நடுக்கத்தில் இரண்டு வாரமாயிற்று. நட்சத்திரம் சிறிதாக, கடலுக்குச் சற்று மேலே, படகுக்காரனின் வலது தோள் பக்கம். விளிம்பு கொஞ்சம் கோணல்தான்.

நண்பர் வந்து பார்த்தார். படத்துக்கு முன்னால் கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தார்.

“இப்ப கரைக்கு வந்துரலாம் சார்” என்றார்.